11.0592: மதுரை ஆய்வகங்களில் ஒரு கிறிஸ்டல் எண்ணின் வரலாறு

மதுரை வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் 8051 மைக்ரோகன்ட்ரோலர் பலகையோடு பழகியவர்களுக்கு 11.0592 மெகாஹெர்ட்ஸ் மனப்பாடம். பலகையில் நிற்கும் சிறிய உலோகக் கூட்டின் தலையில் அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தச் சிப் 12 மெகாஹெர்ட்ஸிலும் ஓடும்; அப்படியிருக்க ஏன் இந்தப் பின்னம்? விடையைச் சிப்புக்குள் தேடிப் பயனில்லை. தொலைபேசிக் கம்பியில் கணினிகள் பேசத் தொடங்கிய காலத்தின் வேகங்களே இந்த எண்ணைத் தீர்மானித்தன என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

குவார்ட்ஸை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்பதைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தனர். 1921-இல் வால்டர் கேடி அதைக் கொண்டு அலையியற்றியின் அதிர்வெண்ணை நிலைநிறுத்தினார். வானொலி நிலையம் ஒலிபரப்பும் அலைவரிசைக்கேற்பக் கிறிஸ்டலை அறுத்தார்கள். கணினியின் தேவையோ வேறு: எந்த எண்ணால் வகுத்தால் மீதியின்றி வரும் என்பதே அங்கே கேள்வி.

1960-களின் தொடக்கத்தில் வந்த பெல் 103 மோடத்தின் வேகம் வினாடிக்கு 300 பிட். பின்னர் 1200, 2400, 4800, 9600 என வேகம் உயர்ந்தது. பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் தொடர்நிலைச் சிப்புகள் ஒவ்வொரு பிட்டையும் 16 கூறாக எண்ணின. 9600-ஐ 16-ஆல் பெருக்கினால் 1,53,600. அதன் 12 மடங்கு 18,43,200. ஐபிஎம் 1981-இல் வெளியிட்ட தனிக்கணினியின் தொடர்நிலை அட்டையில் இருந்தது இந்த 1.8432 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல்தான். அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்டெல் 8051-இன் உச்சவரம்பு 12 மெகாஹெர்ட்ஸ். அந்த வரம்புக்குள் அடங்கும் 1.8432-இன் மிகப்பெரிய மடங்கு ஆறு: 11.0592.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். 8051 தன் கிறிஸ்டலை 12-ஆல் வகுத்துக்கொள்ளும். வினாடிக்கு 9,21,600 எண்ணிக்கை. அதை 32-ஆல் வகுத்தால் 28,800; மூன்றால் வகுத்தால் துல்லியமாக 9600. மாணவர்கள் டைமரில் ‘எஃப்டி’ ஏற்றுவது இந்த மூன்றுக்காகவே (256 - 3 = 253; பதினாறடிமான எண்முறையில் FD). 12 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலைப் போட்டு அதே ‘எஃப்டி’யை ஏற்றினால் கிடைப்பது 10,417, பிழை 8.5 சதவீதம். ஒவ்வொரு எழுத்தின் முடிவிலும் வரும் ஸ்டாப் பிட்டை எட்டும்போது விலகல் 0.8 பிட் ஆகிவிடும். அரை பிட் விலகினாலே அடுத்த பிட்டைப் படித்துவிடும் கருவிக்கு இது தாங்காது. திரையில் வருவது குப்பை எழுத்து. ஆனால் 2400-க்கு அதே 12 மெகாஹெர்ட்ஸ் 0.16 சதவீதப் பிழையோடு ஒத்துழைக்கும். ஆகவே 12-ஐத் தவறென்று ஒதுக்குவதும் சரியல்ல.

11.0592 நேரம் அளக்க உதவாது என்று பரவலாகச் சொல்லப்படுவதையும் நான் ஏற்கவில்லை. மில்லிவினாடிக்கு 921.6 எண்ணிக்கை என்பது பின்னம்தான். ஆனால் 50 மில்லிவினாடிக்குச் சரியாக 46,080. அதை 20 முறை எண்ணினால் பிசகில்லாத ஒரு வினாடி.

1957-இல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரி முதல் பின்னாளில் சுற்றுப்புறத்தில் எழுந்த கல்லூரிகள்வரை 8085 மைக்ரோபிராசசரும் 8051-உம் பல தலைமுறை மாணவர்களின் பாடம். இன்டெல்லின் 8085 பயிற்சிப் பலகையில் இருந்த 6.144 மெகாஹெர்ட்ஸும் இதே குடும்பம்: சிப் அதைப் பாதியாக்கும், 3.072-ஐ 320-ஆல் வகுத்தால் 9600. பின்னர் வந்த அர்டுயினோ ஊனோ 16 மெகாஹெர்ட்ஸைக் கொண்டுவந்தது. மைக்ரோவினாடிக் கணக்குக்கு அது வசதி. 9600-இல் பிழை 0.16 சதவீதம்தான். 1,15,200-க்குப் போனால் பிழை 2.1 சதவீதமாகிறது, எதிர்முனையும் மறுதிசையில் பிசகினால் தகராறு.

மதுரைச் சமவெளிக்கு இன்னொரு கணக்கும் உண்டு: வெயில். கடிகாரச் சிப்புகளின் 32,768 ஹெர்ட்ஸ் கிறிஸ்டல் 25 டிகிரியில் சரியாக ஓடும். சூடு ஏறினாலும் இறங்கினாலும் பின்தங்கும். சித்திரை வெயிலில் வயலோரத் தகரப்பெட்டியின் உட்புறம் 60 டிகிரியானால், மணிக்கு ஏறத்தாழ 0.15 வினாடி இழப்பு. நாளுக்கு ஆறு மணி நேரம் அப்படிக் காய்ந்தால் மாதத்தில் 27 வினாடி. மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டருக்கு இது பொருட்டே அல்ல. பல ஊர்ப் பதிவுகளை வினாடி சுத்தமாக ஒப்பிட வேண்டிய கருவிக்கோ டிஎஸ்3231 போன்று வெப்பத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் சிப்தான் வேண்டும்.

ஆய்வகக் கையேடு எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிறிஸ்டலின் எண்ணை அச்சிடும் இடத்திலேயே அது எதனால் வகுபடுகிறது என்பதையும் ஒரு வரியில் சேர்த்து அச்சிடுங்கள்.