கடிவாளமும் தலைக்கயிறும்

"கடிவாளம் கட்டின குதிரை மாதிரி நேராப் போ" என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அக்கம்பக்கம் பார்க்காதே என்பது பொருள். ஆனால் குதிரையின் பக்கப் பார்வையை மறைப்பது கடிவாளம் அல்ல. கண்ணுக்கு இருபுறமும் நிற்கும் தோல் பட்டை. ஜட்கா வண்டிக் குதிரையின் முகத்தில் பட்டையும் வாரும் இரும்பும் ஒன்றாகவே கிடந்ததால், பார்த்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைத்துவிட்டார்கள். குதிரையை நடத்திக்கொண்டுபோகும் வெறும் கயிற்றுக்கும் அதே பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

சொல்லின் முதற்பகுதியே அதன் பொருளைச் சொல்கிறது: கடி. குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத வெற்று ஈறு உண்டு. அந்த இடைவெளியில், நாக்கின் மேல் கிடக்கும் இரும்புதான் கடிவாளத்தின் உயிர். மலையாளத்தில் கடிவாளம் கடிஞ்ஞாண், அதாவது கடி சேர்ந்த நாண், கன்னடத்தில் கடிவாண. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திர எல்லைக்குள் போனால் தெலுங்கில் கள்ளெம்.

பழந்தமிழில் இதற்குக் கறுழ் என்றும் பெயர் உண்டு. இன்னொரு பெயரான கலினம் நெடுந்தூரம் நடந்து வந்தது. கிரேக்கத்தில் கடிவாள இரும்புக்குக் கலினோஸ் என்று பெயர். கிரேக்கர் வடமேற்கு இந்தியாவில் கால் பதித்த காலத்தில் அச்சொல் சமஸ்கிருதத்தில் கலீனம் ஆயிற்று என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. அங்கிருந்தே தமிழுக்கு வந்தது. லகான் வந்தது வேறு வழி. பாரசீக லகாம், உருது பேசிய குதிரைப்படைகளோடு தெற்கே இறங்கி லகான் ஆனது; சவாரியும் ஜீனியும் அதே கூட்டத்தில் வந்தவை.

கலினமும் லகானும் படைக்குதிரையோடு வந்த சொற்கள். கடிவாளத்தைப் போலவே வாயை அடக்குவதைப் பற்றியவை. வாயைத் தொடாமல் தலையைச் சுற்றி மட்டும் போடும் கயிற்றுக்கு நம் மாட்டுக்கொட்டிலிலேயே பெயர்கள் இருந்தன: தலைக்கயிறு, தும்பு, பிடிகயிறு. ஆங்கிலேயர் இதை ஹால்ட்டர் என்கிறார்கள். கோடரிக் காம்பைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லும் அதுவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பிடிப்பதற்கானது என்பதே அடிப்பொருள். பிடிகயிறு என்று பெயர் வைத்த நம் உழவரின் எண்ணமும் அதுதான்.

இந்தக் கயிற்றுக்கு ஒரு காலத்தில் பத்திரத்தின் மதிப்பு இருந்தது. விற்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்குக் கயிறு மாறினால் குதிரை விற்பனை முடிந்தது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் குதிரை வணிகராக வந்த இறைவன் பாண்டியனுக்குக் குதிரைகளைக் கயிறு மாற்றித்தான் கொடுக்கிறார். அதன்பின் அவை பழையபடி நரிகளானாலும் பொறுப்பு வாங்கியவருடையது. பாண்டிய நாட்டுக் கரைக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கடல்வழி வந்ததையும், சரியான பராமரிப்பில்லாமல் அவை மடிந்ததையும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பதிவு செய்தார். குதிரை வந்தது, அதை அடக்கும் கருவிகள் வந்தன. வளர்க்கும் அறிவு அதே வேகத்தில் வந்து சேரவில்லை.

பெயர்க் குழப்பம் இன்றும் குதிரையைத்தான் வருத்துகிறது. திருவள்ளூர்ப் பக்கம் ஒருவர் கல்யாண ஊர்வலத்துக்காகக் குட்டி ஒன்றை வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குட்டியைப் பழக்கக் கடிவாளம் வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் இரும்பைத்தான் எடுத்துக் கொடுப்பார். குட்டிக்கு முதலில் வேண்டியது தலைக்கயிறு. அதிலும் வகை உண்டு. அகலமான நைலான் பட்டை அழுத்தத்தைப் பரப்புகிறது. தினசரி நடத்திப் போக நல்லது, ஆனால் எளிதில் அறாது. தோல் பட்டை விலை கூடியது. குதிரை எங்காவது மாட்டிக்கொண்டு திமிறினால் அறுந்து உயிரைக் காக்கும். முடிச்சுப் போட்ட மெல்லிய கயிறு, மூக்கின் மேலும் காதுக்குப் பின்னும் சிறு இடத்தில் அழுத்துவதால், லேசான இழுப்பையும் குதிரைக்கு உணர்த்தும். குதிரை ஓர் அடி எடுத்து வைத்ததும் கையைத் தளர்த்த வேண்டும். அந்தத் தளர்வில்தான் அது பாடம் படிக்கிறது. இழுத்துக்கொண்டே இருப்பவரிடம் எந்தக் குதிரையும் எதையும் கற்பதில்லை. முடிச்சுக் கயிற்றோடு கம்பத்தில் கட்டவே கூடாது.

மூக்குப்பட்டை கன்ன எலும்பின் முனைக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். உள்ளே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். இன்னும் கீழே இறங்கினால் மெல்லிய எலும்பும் குருத்தெலும்பும் நசுங்கும், மூச்சும் முட்டும். மேய விடும்போது கழற்றிவிட வேண்டும். பின்னங்காலால் காதைச் சொறியும் குதிரையின் குளம்பு கயிற்றில் சிக்கிக் கழுத்து முறிந்துவிடக்கூடும்.

ஆகவே பெயர்களைப் பிரித்தே ஆள வேண்டும். வாயில் இரும்பு இருந்தால் கடிவாளம். கண்ணை மறைத்தால் கண்பட்டை. தலையைச் சுற்றி மட்டும் இருந்தால் தலைக்கயிறு. கால்நடைக் கையேடுகளும் அகராதிகளும் இந்த மூன்றையும் தனித்தனியாகச் சொல்லட்டும். தலைக்கயிற்றுக்குப் படிந்த குட்டிக்குத்தான் கடிவாளம். இந்த வரிசை தெரிந்தவர் கையில் கடிவாளமும் மென்மையாக இருக்கும்.