உடைதல், உடைத்தல்: ஒரு தமிழ் வினைச்சொல்லின் வரலாறு

உடை என்பது தமிழின் பழமையான வினையடிகளுள் ஒன்று. கெட்டியான பொருள் முழுமை இழந்து துண்டாவதை அது குறிக்கும். ஒன்றைத் தாங்கி நிற்கும் கலமோ கரையோ விட்டுப்போய், உள்ளிருப்பது வெளிவருவதையும் குறிக்கும். தானே நிகழ்ந்தால் உடைதல், ஒருவர் செய்தால் உடைத்தல். ஆங்கிலத்தின் 'பிரேக்' என்ற சொல்லுக்கு ஈடாக முதலில் நினைவுக்கு வருவது இதுதான் என்றாலும், இரண்டின் எல்லைகளும் வேறு.

சொற்பிறப்பு

இது திராவிட மொழிகளுக்குப் பொதுவான சொல். மலையாளத்தில் உடயுக, உடைக்குக, கன்னடத்தில் ஒடெ. பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திப் பதிப்பித்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இந்த உறவுச் சொற்களைத் தொகுத்துத் தருகிறது. தமிழின் உகரம் கன்னடத்தில் ஒகரமாக நிற்பது தற்செயல் அல்ல. குடை அங்கே கொடெ, உரல் அங்கே ஒரளு. தென் திராவிட மொழிகளின் இந்த உகர, ஒகர மாற்றத்தைப் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1958இல் விரிவாக ஆராய்ந்தார். எழுத்தில் 'உடைந்தது' என்றிருப்பதைத் தமிழரும் பேச்சில் 'ஒடஞ்சிடுச்சு' என்றே சொல்கிறோம். பேச்சு மொழி கொச்சையன்று, அதற்கும் ஒலிமுறை உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

ஒலியொத்த சொற்கள்

எழுத்தில் ஒன்றாகத் தோன்றும் வேறு சொற்களும் உள்ளன. உடுத்தும் உடை 'உடு' என்பதிலிருந்து வந்தது. தென்மாவட்ட வறண்ட நிலத்தில் குடைபோல் விரியும் முள்மரம் உடைமரம். உரிமையைக் குறிக்கும் உடை, உடைமை, உடையார் என விரிந்தது. மைசூர் அரசர்களின் பட்டப்பெயரும் இதற்கு உறவான கன்னடச் சொல்தான். திருக்குறளில் பல இடங்களில் வரும் 'உடைத்து' என்பதற்கு 'உடையது' என்று பொருள். இன்றைய வழக்கை மட்டும் அறிந்தவர் அதை 'நொறுக்கி' என்று படித்தால் குறளே தலைகீழாகும்.

பொருளுக்கேற்ற வினை

ஏற்காட்டின் ஒண்டிக்கடைச் சந்திப்பில், மலையில் விளைந்தவற்றோடு ஒரு சமையலறைக்கு வேண்டியதையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால், ஒவ்வொன்றுக்கும் தனி வினை தேவைப்படும். ஆரஞ்சை உரிக்கிறோம். பலாவைப் பிளக்கிறோம். தேங்காயை உடைக்கிறோம். மிளகை ஒன்றிரண்டாக உடைத்துப் போடுகிறோம். பொட்டலம் கட்டிய நூலை அறுக்கிறோம், தாளைக் கிழிக்கிறோம், அடுப்புக்குச் சுள்ளியை ஒடிக்கிறோம்.

கல்லிலும் இந்த வேறுபாடு உண்டு. ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலைத்தொடரில் பரவலாகக் காணப்படுவது சார்னோக்கைட் என்னும் கடும்பாறை. இத்தகைய பாறையில் வரிசையாகக் குழிபோட்டு ஆப்பு இறக்கினால் அது 'பிளக்கிறது'. அந்தத் துண்டைச் சம்மட்டியால் அடித்து ஜல்லியாக்கினால் அதற்குப் பெயர் 'கல் உடைத்தல்'. பிளத்தல் கோடு பார்த்துச் செய்வது, உடைத்தல் சிதறவிடுவது. வளைந்து இற்றுப்போவது முறியும்: மரக்கிளை, எலும்பு, அவற்றின் வழியே நட்பும் ஒப்பந்தமும். சுவர் இடியும், தகடு நசுங்கும், கண்ணாடி நொறுங்கும். பொருளின் இயல்பைப் பார்த்த பிறகே தமிழ் வினையைத் தேர்கிறது.

கலமும் கரையும்

உடை என்னும் வினையின் உயிர்நிலை கலம், கரை ஆகிய இரண்டிலும் உள்ளது. சங்க நெய்தல் பாடல்களில் கரையில் மோதிச் சிதறும் அலைக்கு 'உடைதிரை' என்று பெயர். கரை பெயர்ந்த குளம் உடைகுளம். பூராட நட்சத்திரத்துக்கும் நிகண்டு வழக்கில் அதே பெயர். ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த ஊர்களில் 'உடைப்பு' என்ற சொல் கேட்டாலே மண்வெட்டியோடு ஊர் திரளும். 'உடைப்பில் போடு' என்ற வசவு அந்த அச்சத்தில் பிறந்தது. மதுராந்தகத்தில் ராமருக்கு 'ஏரி காத்த ராமர்' என்றே பெயர். 1790களில் அப்பகுதியின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பெருமழை இரவொன்றில் வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நிற்கக் கண்டார் என்றும், கரை உடையாததால் தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுத்தார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

பிரசவ வேளையில் 'பனிக்குடம் உடைஞ்சிடுச்சு' என்று சொல்லும்போதும் இதே பொருள்தான்: காத்த கலம் விட்டது, உள்ளிருந்த உயிர் வரப்போகிறது. பூ மலர்வதை 'முறுக்குடைதல்' என்பதும் அப்படியே. கோடை மழைக்குப் பின் ஏற்காட்டுக் காபிச் செடிகளில் வெள்ளை மொட்டுகள் ஒருசேர விரிவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையும் ஓர் உடைத்தலில்தான் திரும்புகிறது. அரசியின் சிலம்பின் பரல் முத்து, கண்ணகியின் சிலம்பின் பரல் மாணிக்கம். சிலம்பு உடைந்தபோது வெளிவந்தது மணி மட்டுமன்று, உண்மையும்தான். 'குட்டு உடைந்தது', 'போட்டு உடைத்துவிட்டான்' என்று இன்றும் நாம் சொல்வது அதே கருத்தை.

சடங்கிலும் போராட்டத்திலும்

தமிழர் வாழ்வின் முதலிலும் முடிவிலும் உடைத்தல் உண்டு. புதிய தொழில் தொடங்கும்போது சிதறுகாய் உடைப்பர், கண்ணேறு கழியப் பூசணிக்காய் உடைப்பர். கரூர் மாவட்டம் மேட்டு மகாதானபுரத்தில் ஆடிப்பெருக்கையொட்டிப் பக்தர் தலையில் தேங்காய் உடைக்கும் வழக்கம் உள்ளது. இறுதிச் சடங்கில் தோளில் நீர்க்குடம் சுமந்து மும்முறை சுற்றுவர். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு துளை விழும். கடைசியில் திரும்பிப் பாராமல் குடத்தைப் பின்னால் விட்டு உடைப்பர். கலம் உடல், ஒழுகியது உயிர் என்று அந்த ஓசை சொல்லாமல் சொல்கிறது.

அரசியலிலும் இச்சொல் இடம்பெற்றது. 1953 மே 27 அன்று பெரியார் நடத்திய பிள்ளையார் சிலை உடைப்புப் போராட்டத்தில் களிமண் பிள்ளையார் உருவங்கள் உடைக்கப்பட்டன. அதுபற்றிய வழக்கு 1958இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது. அதற்கு முன், 1930இல் ராஜாஜி உப்புச் சட்டத்தை மீறி வேதாரண்யத்தில் உப்பு அள்ளியபோது தமிழ் அதை உடைத்தல் என்று சொல்லவில்லை. 'சட்ட மறுப்பு' என்றது. சட்டம் கலம் அல்ல. அதை மீறலாம், மறுக்கலாம்.

ஆங்கிலச் சொல்லும் தமிழும்

ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் 'பிரெகன்'. ஜெர்மன் மொழியின் 'பிரெக்கென்', லத்தீனின் 'ஃபிராங்கெரே' ஆகியவை அதன் உறவுகள். ஆங்கிலத்தில் விரதம், வாக்குறுதி, சாதனை, மௌனம், விடியல் எல்லாமே உடைகின்றன. தமிழில் வாக்குத் தவறுகிறது, சாதனை முறியடிக்கப்படுகிறது, மௌனம் கலைகிறது, பொழுது விடிகிறது. தமிழ் முஸ்லிம்கள் நோன்பைத் 'திறக்கிறார்கள்'. எவ்வளவு அழகான வினை! சேலம்–ஏற்காடு சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுநர் மிதிக்கும் 'பிரேக்' ஆங்கிலத்தில் வேறு எழுத்துடைய வேறு சொல்; தமிழ் எழுத்தில் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

அண்மைக் காலத்தில் 'மௌனத்தை உடைத்தார்', 'விதியை உடைத்தார்' என எழுதும் பழக்கம் பரவுகிறது. இதனால் உடை என்ற சொல் வளர்வதில்லை. ஒடி, முறி, அறு, கலை, மீறு ஆகியவைதாம் புழக்கம் இழக்கின்றன. கொல்லையில் முருங்கைக் கிளையை 'ஒடிச்சிட்டு வா' என்று சொல்லும் பாட்டிக்கு அகராதி தேவைப்படவில்லை. அந்தக் கிளையின் பச்சையும் மென்மையும் அவர் சொன்ன வினைக்குள்ளேயே இருந்தன.