ஈயம் போன வழி: பெட்ரோலில் ஒரு நூற்றாண்டு (1921–2021)

பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் இஞ்சின் தட்டாமல் ஓடும் என்பதை 1921 டிசம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் கண்டறிந்தார்கள். சாலை வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோல் உலகில் கடைசியாக விற்பனை நின்றது 2021 ஜூலையில், அல்ஜீரியாவில். இடைப்பட்ட நூறு ஆண்டுகளின் கதையை இரு விதமாகச் சொல்கிறார்கள். நிறுவனங்கள் நஞ்சைப் பரப்பின, அறிவியலாளர்கள் போராடி அகற்றினார்கள் என்பது ஒன்று. தொழில்நுட்பம் வளர வளர ஈயம் தானாகத் தேவையற்றுப்போனது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் காலவரிசையை இரண்டுமே விளக்கவில்லை. ஈயம் நஞ்சு என்பது 1921-க்கு வெகுகாலம் முன்பே மருத்துவர்கள் அறிந்தது. அப்படியிருக்க, நீக்கம் 1970-களில்தான் தொடங்கியது ஏன்? இந்தியாவில் 1995-இல் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தபோது குறிப்பிட்ட சில கார்களுக்கு மட்டும் வந்தது ஏன்?

ஈயம் பெட்ரோலுக்குள் வந்ததும் இயந்திரத்தின் தேவையால்தான், வெளியேறத் தொடங்கியதும் இயந்திரத்தின் தேவையால்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். உடல்நலச் சான்று தொடக்கத்தில் தோற்றது. பிறகு வலுப்பெற்று, பாதியில் நின்றிருக்கக்கூடிய நீக்கத்தை முழுமையாக்கியது.

1. தட்டலும் மருந்தும்

பெட்ரோல் இஞ்சினில் எரிபொருள்–காற்றுக் கலவையை அழுத்தி, ஸ்பார்க் பிளக் தீப்பொறியால் பற்றவைக்கிறோம். அழுத்தம் கூடக்கூட அதே பெட்ரோலில் கிடைக்கும் சக்தி கூடும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல், தீச்சுவாலை வந்து சேருமுன்பே கலவையின் ஒரு பகுதி தானாக வெடித்துவிடும். மேட்டில் ஏறும்போதும், பாரம் இழுக்கும்போதும் இஞ்சினுக்குள் கேட்கும் உலோகத் தட்டல் அதுதான். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்பார்கள். தொடர்ந்தால் பிஸ்டன் சேதமாகும். 1910-களில் இஞ்சின் வடிவமைப்பு முன்னேறவிடாமல் தடுத்த பெரிய சுவர் இது.

ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் கெட்டரிங்கின் கீழ் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி, அயோடின், அனிலின், செலினியம், டெலுரியம் என ஒவ்வொன்றாகச் சோதித்தார். சில விலை கூடியவை, சில இஞ்சினை அரித்தன, சிலவற்றின் நாற்றம் தாங்க முடியவில்லை. 1921 டிசம்பர் 9 அன்று சோதித்த ஈயச் சேர்மமான டெட்ரா எத்தில் லெட் மிகச் சிறிய அளவிலேயே தட்டலை அடக்கியது. எரிசாராயமும் தட்டலைக் குறைக்கும் என்பது அப்போதே தெரியும். மிட்ஜ்லியும் அதை அறிந்திருந்தார். ஆனால் சாராயத்தைக் கணிசமான விகிதத்தில் கலக்க வேண்டும், அதற்குத் தனிக் காப்புரிமையும் கிடைக்காது. ஈயச் சேர்மத்துக்கு இரண்டு தடையும் இல்லை. 1923 பிப்ரவரியில் டேட்டனில் விற்பனை தொடங்கியது.

அடுத்து ஒரு பராமரிப்புச் சிக்கல் எழுந்தது. எரிந்த ஈயம் ஆக்சைடாகி ஸ்பார்க் பிளக்கிலும் புகைபோக்கி வால்விலும் படிந்து கெட்டியானது. பிளக் வேலை செய்யவில்லை, வால்வு சரியாக மூடவில்லை. எத்திலீன் டைபுரோமைடைச் சேர்த்து இதைத் தீர்த்தார்கள். அது ஈயத்தை எளிதில் ஆவியாகும் புரோமைடாக மாற்றிப் புகையோடு வெளியே தள்ளியது. இந்தச் சிறு விவரம் முழு வரலாற்றுக்கும் சாவி. சைலன்சர் வழியே ஈயம் தெருவுக்கு வந்தது கசிவால் அல்ல, கவனக்குறைவால் அல்ல. இஞ்சின் சுத்தமாக இருக்க வேண்டுமானால் ஈயம் தெருவுக்கு வந்தே ஆக வேண்டும் என்ற வகையில்தான் அந்த எரிபொருளே உருவாக்கப்பட்டது.

2. 1925: கேள்வி எழுந்தது, மூடப்பட்டது

1924 ஆகஸ்டில் ஜெனரல் மோட்டார்ஸும் நியூ ஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயிலும் சேர்ந்து எத்தில் கேசலின் கார்ப்பரேஷனைத் தொடங்கின. அதே ஆண்டு அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இச்சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் பித்துப் பிடித்தவர்களைப்போல் நடந்துகொண்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நியூயார்க் நகரம் உள்ளிட்ட சில இடங்களில் விற்பனைக்குத் தடை வந்தது. அம்மாத இறுதியில் மிட்ஜ்லி செய்தியாளர்கள் முன்னிலையில் அத்திரவத்தில் கையைக் கழுவி, அதை முகர்ந்தும் காட்டினார்.

1925 மே 20 அன்று அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவர் வாஷிங்டனில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். தொழில்சார் மருத்துவத்தின் முன்னோடி ஆலிஸ் ஹாமில்டனும், யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டெல் ஹெண்டர்சனும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பேவே ஆலைத் தொழிலாளர்களைவிடத் தெருவில் நடப்பவர்கள் பற்றியே அவர்கள் கவலைப்பட்டார்கள்: சிறுகச் சிறுக, ஆண்டுக்கணக்கில் உடலில் சேரும் ஈயம். ஆனால் மாநாட்டுக்குப்பின் அமைந்த குழு, சில மாதங்களே நடந்த ஆய்வை வைத்து, தடைசெய்யப் போதிய காரணமில்லை என்று 1926 ஜனவரியில் அறிக்கை தந்தது. ஆய்வு தொடர வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. தொடர்ந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பெரும்பாலும் அந்தத் தொழில்துறையே.

சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் கெட்டரிங் ஆய்வகத்தை நடத்திய ராபர்ட் கெஹோ அடுத்த நாற்பது ஆண்டுகள் இத்துறையில் கடைசிச் சொல்லாக இருந்தார். ஈயம் இயற்கையாகவே எல்லார் உடலிலும் உண்டு, உடல் அதை வெளியேற்றிவிடும், ஓர் எல்லைக்குக் கீழே தீங்கில்லை என்பது அவர் நிலைப்பாடு. தீங்கு உண்டென்று காட்டும் பொறுப்பை அவர் எதிர்த்தரப்பின்மேல் போட்டார். ‘இயற்கை அளவு’ எது என்று அறிய மெக்சிகோ கிராமவாசிகளை ஆராய்ந்தார். அவர்களோ ஈயப் பூச்சுப் பூசிய மண்பாண்டத்தில் சமைத்து உண்டவர்கள்.

3. பேட்டர்சன் தந்த அளவுகோல்

கிளேர் பேட்டர்சன் மருத்துவர் அல்லர், புவிவேதியியலாளர். ஈய ஐசோடோப்புகளைக் கொண்டு 1956-இல் பூமியின் வயதை 455 கோடி ஆண்டு என்று கணித்தவர். அந்த அளவீட்டுக்காக ஆய்வகத்தில் ஈயத் தூசி நுழையாமல் காக்கவேண்டியிருந்தபோது, சுற்றுப்புறமெங்கும் ஈயம் படிந்திருப்பதைக் கண்டார். 1965-இல் அவர் வெளியிட்ட கட்டுரை கெஹோவின் அடித்தளத்தையே அசைத்தது. ‘சாதாரணம்’ என்பதும் ‘இயற்கை’ என்பதும் ஒன்றல்ல. இன்றைய மனிதர்கள் எல்லாரிடமும் காணப்படுவதாலேயே ஓர் அளவு இயற்கையானதாகிவிடாது என்றார். கிரீன்லாந்துப் பனியடுக்குகளில் அவர் குழு எடுத்த அளவுகள் தொழிற்புரட்சிக்குப் பின்னும், குறிப்பாக 1940-க்குப் பின்னும், ஈயம் எப்படி ஏறியது என்பதைக் காட்டின. ஒப்பிட்டுப் பார்க்க மாசுபடாத மனிதக்கூட்டம் பூமியில் எஞ்சவில்லை என்பதால்தான் கெஹோவின் ‘எல்லை’ நாற்பது ஆண்டுகள் நின்றது.

இருந்தும் பேட்டர்சனின் கட்டுரையால் ஒரு பெட்ரோல் பங்கில்கூட ஈயம் நிற்கவில்லை. அதற்கு வேறொரு பொருள் தேவைப்பட்டது.

4. கன்வர்ட்டர் வந்தது, ஈயம் போனது

1970-இன் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம், கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் 1975-ஆம் ஆண்டு மாடல் கார்களில் 90 விழுக்காடு குறைக்கச் சொன்னது. லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களைத் திணறடித்த புகைமூட்டமே அதன் முதல் இலக்கு. அதை எட்ட, புகை செல்லும் குழாயில் பிளாட்டினம், பல்லேடியம் பூசிய கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பொருத்துவதே நடைமுறை வழி. ஈயம் அந்த உலோகப் பரப்பை மூடிச் செயலிழக்கச் செய்துவிடும். எனவே கன்வர்ட்டர் உள்ள காருக்கு ஈயமில்லாப் பெட்ரோல் கட்டாயமாயிற்று. 1974 ஜூலை முதல் பெரிய பெட்ரோல் பங்குகள் அதை விற்றாக வேண்டும் என்று விதி வந்தது. தவறான பெட்ரோல் போடாமலிருக்கப் புதிய கார்களின் டேங்க் வாயைக் குறுக்கினார்கள். விலை குறைவு என்பதால் அந்த வாயை அகலப்படுத்தி ஈயப் பெட்ரோல் போட்டவர்களும் இருந்தார்கள். கன்வர்ட்டர் பாழாவது ஓட்டுபவருக்கு உடனே தெரியாது, வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஒரு நச்சுப் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஜெனரல் மோட்டார்ஸே அதனோடு ஒத்துப்போகாத கருவியையும் பொருத்த நேர்ந்தது இந்த வரலாற்றின் விசித்திரம். ஆனால் கன்வர்ட்டர் காத்தது தன்னை மட்டுமே. பழைய கார்கள் ஈயத்தைத் தொடர்ந்து உமிழ்ந்தன. அவற்றின் பெட்ரோலிலும் ஈயத்தைக் குறைக்க உடல்நலக் காரணம் தேவைப்பட்டது. 1973-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட குறைப்பு விதிகளை எத்தில் நிறுவனம் எதிர்த்தது. தீங்கு உறுதியாகும்வரை காத்திராமல் ஆபத்து இருப்பதை வைத்தே கட்டுப்படுத்தலாம் என்று 1976-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரை நூற்றாண்டாக எதிர்த்தரப்பின்மேல் இருந்த மெய்ப்பிக்கும் பொறுப்பு இங்கேதான் இடம் மாறியது.

அதற்குப் பிறகே எண்கள் பேசின. ஹெர்பர்ட் நீடில்மேன் 1979-இல் பாஸ்டன் அருகே பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால்பற்களில் இருந்த ஈயத்தையும் அவர்களின் அறிவுத்திறன், வகுப்பு நடத்தை ஆகியவற்றையும் தொடர்புபடுத்திக் காட்டினார். 1976–1980 தேசிய ஆய்வில் அமெரிக்கர்களின் சராசரி இரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 14.6 மைக்ரோகிராமிலிருந்து 9.2-க்கு இறங்கியது. பெட்ரோலில் பயன்பட்ட ஈயம் இறங்கிய அதே பாதையில் அதுவும் இறங்கியது. 1986 ஜனவரியில் கேலனுக்கு 0.1 கிராம் என்ற எல்லையும், 1996-இல் சாலை வண்டிகளுக்கு முழுத் தடையும் வந்தன.

5. இந்தியா: அதே வரிசை, குறுகிய காலம்

இந்தியாவில் ஈய நீக்கத்தை முடுக்கிவிட்டது நீதிமன்றம். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985-இல் தொடுத்த வாகன மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்து ஆணைகள் பிறப்பித்தது. அதுவரை லிட்டருக்கு 0.56 கிராம்வரை ஈயம் இருக்கலாம். 1994 ஜூனில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கிலும் 0.15 கிராம் பெட்ரோல் வந்தது. 1995 ஏப்ரல் 1 முதல் இந்நான்கு நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமாயிற்று; அவற்றுக்காக ஈயமில்லாப் பெட்ரோலும் விற்பனைக்கு வந்தது.

இங்கேயும் வரிசை மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சென்னை அண்ணா சாலையில் மூச்சுவிட்ட குழந்தைக்கு எல்லா வண்டியின் ஈயமும் ஒன்றுதான். ஆனால் ஈயமில்லாப் பெட்ரோல் முதலில் சென்றது கன்வர்ட்டர் பொருத்திய காருக்கு. அந்தக் காருக்கும் அது நகர எல்லைக்குள் மட்டுமே உறுதி. வெளியூர் போய் ஈயப் பெட்ரோல் நிரப்பினால் கன்வர்ட்டர் கெடும். சிலருக்கு மட்டும் தனி எரிபொருள் என்ற ஏற்பாடு நீடிக்க முடியாது என்பதை இதுவே காட்டியது. 1998 ஜூலை ஆணைப்படி அவ்வாண்டு செப்டம்பரில் டெல்லியில் ஈயப் பெட்ரோல் நின்றது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் மட்டுமே. அமெரிக்காவில் இருபது ஆண்டுக்கு மேல் நீண்ட மாற்றம் இங்கே ஆறு ஆண்டில் முடிந்தது. பின்னால் வந்ததன் ஆதாயம் இது: ஆய்வும் கருவியும் சுத்திகரிப்பு முறையும் ஆயத்தமாக இருந்தன. இலங்கை 2002-இல் இந்த வரிசையில் சேர்ந்தது.

6. பட்டறையின் அச்சம்

ஈயம் போனால் பழைய இஞ்சின் கெடும் என்ற அச்சம் எல்லா நாடுகளிலும் எழுந்தது. அதில் அடிப்படை உண்டு. ஈயப் படிவு புகைபோக்கி வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே மெல்லிய மெத்தையாக இருந்தது. அது இல்லாதபோது, கடினப்படுத்தாத வார்ப்பிரும்பு இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். ஆனால் எப்போது? 1980-களின் நடுவில் அமெரிக்க வேளாண் துறையும் சுற்றுச்சூழல் முகமையும் பண்ணை இஞ்சின்களைச் சோதித்தன. இலகுவான, மிதமான வேலையில் பெரிய தேய்மானம் இல்லை. நீண்ட நேரம் உயர் வேகத்திலும் கனத்த பாரத்திலும் ஓடியவற்றில் தேய்மானம் தெரிந்தது. நகரப் போக்குவரத்தில் ஊர்ந்த பழைய கார்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தாத ஆபத்து. பாரம் இழுக்கும் இஞ்சினுக்குக் கடினமான வால்வு இருக்கை போட்டால் தீர்ந்தது. தீர்வு ஒரு பட்டறை வேலையாக இருந்த சிக்கல், கொள்கை விவாதத்தில் பெரும் தடையாகப் பேசப்பட்டது. மறுபக்கம், ஈயமில்லாப் பெட்ரோலில் பிளக்கும் சைலன்சரும் நீடித்து உழைத்த ஆதாயம் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

7. எஞ்சியவை

ஈயம் ஒரு தனிமம், சிதைந்து மறையாது. லண்டன் காற்றில் மிதக்கும் ஈயத்தில் 40 விழுக்காடுவரை பழைய பெட்ரோலிலிருந்து வந்தது என்று 2021-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பிரிட்டனில் ஈயப் பெட்ரோல் நின்று அப்போது இருபது ஆண்டு கடந்திருந்தது. சென்னையில் 2005-ஐ ஒட்டி 3 முதல் 7 வயதுவரையான 756 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் சராசரி இரத்த ஈயம் டெசிலிட்டருக்குச் சுமார் 11 மைக்ரோகிராம். பெயிண்ட், பேட்டரி உருக்கும் பட்டறைகள் போன்ற பிற ஊற்றுகளும் மண்ணில் படிந்த பழைய ஈயமும் இதற்குள் உண்டு. பெட்ரோலில் நீக்கியது பெரிய வாயிலை மூடியது. வீடு முழுவதையும் அது துடைக்கவில்லை. பிஸ்டன் இஞ்சின் கொண்ட சிறு விமானங்களின் எரிபொருளில் இன்றும் லிட்டருக்கு 0.56 கிராம்வரை ஈயம் இருக்கலாம்.

முடிவுரை

நூற்றாண்டு வரலாறு தரும் பாடம், அறிவு வந்தால் நடவடிக்கை தானே வரும் என்பதல்ல. 1925-இல் ஹாமில்டன் எழுப்பிய கேள்விக்கும் 1976 தீர்ப்புக்கும் நடுவே அரை நூற்றாண்டு போனது. அறிவுக்கு அப்போது பஞ்சமில்லை. பஞ்சமாயிருந்தவை இரண்டு: தொழில்துறையைச் சாராத அளவீடு, ‘பாதுகாப்பானது என்று நீங்கள் காட்டுங்கள்’ என்று கேட்கும் சட்டம். இவை இரண்டும் அமையும்வரை, கதவைத் திறக்க ஓர் இயந்திர உறுப்பே தேவைப்பட்டது.

1921-இல் ஒதுக்கப்பட்ட எரிசாராயம் இன்று 20 விழுக்காடாக இந்தியப் பெட்ரோலுக்குள் வந்திருக்கிறது. அது ஈயத்தைப்போல் நஞ்சல்ல; தட்டலையும் அடக்கும். ஆனால் அதற்கென வடிவமைக்காத பழைய வண்டிகளின் ரப்பர் உறுப்புகள், மைலேஜ், உணவுப் பயிருக்கான நிலமும் நீரும் பற்றிய கேள்விகள் எழுந்துள்ளன. அவற்றுக்கு விடை தேடும்போது எந்த எரிபொருள் நல்லது என்று மட்டும் கேட்டால் போதாது. யார் அளந்தார்கள், யார் செலவில் அளந்தார்கள், தவறென்று தெரிந்தால் இழப்பு யாருடையது என்பவற்றையும் எரிபொருள் பங்குக்கு வருமுன்பே கேட்க வேண்டும். ஈயத்தின் விஷயத்தில் இக்கேள்விகள் 1925-லேயே கேட்கப்பட்டன. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று எவரையும் சட்டம் அன்று குறிப்பிடவில்லை.