பல்லுக்குக் கரை

காஞ்சிபுரத்துக்கு நான் போனது கோயில் பார்க்க அல்ல. பட்டு எடுக்கவும் அல்ல. பல்லுக்காகப் போனேன். "பல் கட்டப் பல்லவர் ஊர்தான் பொருத்தம்" என்று நண்பர் கேலி செய்தார். பல்லவம் என்றால் தளிர் என்று அவருக்குப் பாடம் நடத்தினேன். பிற்பாடு யோசித்தால், ஈறும் ஒரு தளிர்தான்.

விஷயம் இதுதான். என் மேல்வரிசை முன்பல் ஒன்றுக்குப் பல வருஷங்களுக்கு முன் வேறோர் ஊரில் 'கேப்' போட்டார்கள். பல் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆனால் சுற்றிலும் ஈறு சிவந்து தடித்தது, துலக்கினால் ரத்தம். போகப் போக ஈறு மேலே ஏறி, கேப்பின் விளிம்பு கறுப்புக் கோடாக வெளியே வந்துவிட்டது. கண்ணுக்கு மை அழகு, பல்லுக்கு அழகா? மேலுதட்டை இழுத்து மூடிக்கொண்டே பேசப் பழகினேன். என் மகள் கல்யாணப் படங்களில் ஒன்றில்கூட நான் சிரிக்கவில்லை. பெண்ணைக் கொடுக்க மனமில்லாத தகப்பன் என்று சம்பந்தி வீட்டார் நினைத்திருப்பார்கள்.

காஞ்சி டாக்டர் வெகு நேரம் பார்த்தார். "பல் நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், சார். கரைதான் போய்விட்டது" என்றார். பட்டு ஊர்க்காரர், வேறு எப்படிச் சொல்வார்!

இந்தக் கரையைக் கவனிக்க மனிதனுக்கு எத்தனை காலம் பிடித்தது! இத்தாலி தேசத்து எட்ருஸ்கர்கள் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தங்கப் பட்டையால் பல் கட்டினார்கள். நம் சுச்ருதர் பல்லுக்கு 8 நோய்களும், பல்லின் மூலமான ஈற்றுக்கு 15 நோய்களும் எண்ணினார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. பின்னால் வந்தவர்கள்தான் பல்லின் நிறத்திலேயே மயங்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டெட்ராயிட் நகரத்து சார்ல்ஸ் லாண்ட் பீங்கானில் உறை செய்தார். 1930-களில் சார்ல்ஸ் பின்கஸ் ஹாலிவுட் நடிகர்களுக்கு மெல்லிய வில்லைகளைப் பல்மேல் ஒட்டி அனுப்பினார். படப்பிடிப்பு முடிந்தால் கழற்றிவிட வேண்டும். 1960-களில் உலோகத்தின்மேல் பீங்கான் சுட்ட உறைகள் பரவின. என் கறுப்புக் கோடு அந்த வம்சம். சென்னையில் 1953-இல் அரசாங்கப் பல் மருத்துவப் படிப்பு வந்தது. சீன தேசத்திலிருந்து வந்து குடியேறிய பல் வைத்தியர்களும் அந்நகரத்தாருக்குப் பழக்கமானவர்களே.

ஈற்றின் கணக்கு 1961-இல்தான் அச்சேறியது. கார்கியூலோ முதலிய மூவர் அளந்து பார்த்தார்கள். ஈற்றுப் பள்ளத்தின் அடியிலிருந்து எலும்பு வரைக்கும் பல்லைச் சதை பற்றிக்கொண்டிருக்கும் இடம் சராசரி சுமார் 2 மில்லிமீட்டர். உறையின் விளிம்பை அங்கே நுழைத்தால் ஈறு பொறுக்காது. சிவக்கும், வீங்கும், கடைசியில் விலகிப் போகும். என் வாயில் நடந்த சண்டை இந்த 2 மில்லிமீட்டருக்காகத்தான்!

டாக்டர் பழைய கேப்பை எடுத்துவிட்டு, விளிம்பைச் சதையைவிட்டு ஒதுக்கி, பிசினில் தற்காலிகப் பல் ஒன்று வைத்தார். சில வாரங்களில் ரத்தம் நின்றது. அதற்கப்புறம்தான் வேடிக்கை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பல்லின் கழுத்தில் துளி பிசின் சேர்ப்பார், அல்லது துளி தேய்ப்பார். ஈறு அழுந்தி வெளுக்கும். சில நிமிஷத்தில் மறுபடி சிவப்பு ஏற வேண்டும். ஏறாவிட்டால் அழுத்தம் அதிகம் என்று மறுபடி தேய்ப்பார். கத்தி எடுக்கவில்லை. இரண்டு பல்லுக்கு நடுவே ஈறு முக்கோணமாக எழும்பி நிற்க வேண்டுமாம். பற்கள் தொடும் இடத்திலிருந்து எலும்பு 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அநேகமாக நிரம்பிவிடும். 6 ஆனால் பாதிப் பேருக்குத்தான். 7 ஆனால் கால்வாசிப் பேருக்கு. 1992-இல் டார்னோ என்பவரும் அவர் சகாக்களும் கண்டது இது. எனக்கு 5-க்குச் சற்று மேலே. "பார்க்கலாம், சார்" என்றார் டாக்டர். வைத்தியர் 'பார்க்கலாம்' என்றால் வயிற்றைக் கலக்குகிறது.

காத்திருந்த நாட்களில் பிள்ளையார்பாளையத்தில் ஒரு பெரியவரின் தறியருகே உட்காருவேன். கோர்வைப் புடவை. உடலுக்கு ஒரு நிறம், இரண்டு கரைக்கும் வேறு நிறம், மூன்று நாடா. உடல் ஊடையும் கரை ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அதற்கு ஓரத்தில் இன்னோர் ஆள் வேண்டும். இப்போதெல்லாம் ஆள் அகப்படுவது அரிது. அவருக்குப் பேரன் வரமாட்டேன் என்றுவிட்டான். மனைவிதான் நாடா போட்டாள். உடலுக்குள் கோபுரம் கோபுரமாகக் கரை ஏறி நின்றது. என் டாக்டர் பிசின் துளியால் கட்டிய முக்கோணமும் அதேதான்.

மூன்றாம் மாதம் நிரந்தரப் பல் வைத்தார்கள். பெரியவரிடம் போய் வாய் நிறையச் சிரித்தேன். "எந்தப் பல் என்று சொல்லுங்கள், பார்ப்போம்!"

அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். ஒரு நொடிகூட ஆகவில்லை.

"இதுதான் சாமி. இந்தக் கோபுரம் ஓர் இழை குட்டை" என்றார்.

அவர் மனைவி நாடாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நானும் உதட்டை மூடவில்லை.