விளக்கும் இசைத்தட்டும் ஒரே பேழையில்

ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் மேசைவிளக்கையும் இசைத்தட்டுக் கருவியையும் ஒரே பேழையில் இணைத்து விற்றனர். பென்சில்வேனியா மாநிலத்தின் ஜான்ஸ்டவுன் நகரில் உருவான ‘மாடர்னோலா’ அவற்றுள் ஒன்று: வட்ட வடிவ மரப்பேழை, அதன் மேல், குஞ்சங்கள் தொங்கும் விளக்கு மறைப்பு. இன்று காண்போர் இதனை வேடிக்கைப் பொருள் என்று நகைத்துக் கடந்துவிடுவர். நாம் சற்று நின்று பார்ப்போம்.

மின்சாரம் வீட்டிற்குள் முதலில் ஒளியாகவே நுழைந்தது. 1920இல் அமெரிக்க வீடுகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கே மின்னிணைப்பு இருந்தது. இணைப்புப் பெற்ற வீடுகளிலும் சுவர்ச் செருகிடங்கள் அரிது. மின்விசிறியையும் இஸ்திரிப் பெட்டியையும் விளக்குத் தாங்கியில் திருகியே இயக்கினர். எனவே கூடத்தில் ஒளிரும் விளக்கே புதுமையின் அடையாளம். மறுபுறம், விக்டர் நிறுவனம் 1906இல் வெளியிட்ட ‘விக்ட்ரோலா’ ஒலிக்கொம்பைப் பேழைக்குள் மறைத்து, பாடும் பொறியை அறைக்கலனாக மாற்றியிருந்தது. அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியானதும் சிறு நிறுவனங்கள் பெருகின. 1919இல் மட்டும் அந்நாட்டில் 2 மில்லியனுக்கும் மேற்பட்ட கருவிகள் உற்பத்தியாயின. அத்தனை பேழைகளுக்கு நடுவே தம்முடையது தனித்துத் தெரிய வேண்டுமே! விளக்கு பேழையின் மேல் ஏறியதற்கு இப்போட்டியும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

சொல்லைப் பற்றியும் ஒரு குறிப்பு. எடிசன் 1877இல் தம் உருளைக் கருவிக்கு இட்ட ‘போனோகிராப்’ என்னும் பெயரை அமெரிக்கர் தட்டுக் கருவிக்கும் வழங்கினர். தட்டைக் கண்டறிந்த பெர்லினர் இட்ட ‘கிராமபோன்’ என்னும் பெயர் பிரித்தானியரிடையே நிலைத்தது. நம் பாட்டன்மார் நாவில் கிராமபோனே வழங்கியது எவருடைய ஆட்சியின் விளைவு என்பதை மாணவர்கள் எளிதில் உணர்வர்.

இனி, இத்தகைய பேழை ஒன்று பழுதுற்ற நிலையில் நம் கைக்கு வருவதாகக் கொள்வோம். முதலில் எழும் ஆவல் அதனை மின்செருகியில் இணைத்துப் பார்ப்பதே. அதைச் செய்யலாகாது. அக்கால மின்கம்பியின் இரப்பர் உறை துணிக்கடியில் பொடிந்திருக்கும். பட்டு மறைப்போ எளிதில் தீப்பற்றும். மேலும் அமெரிக்க வீடுகளுக்குரிய ஏறத்தாழ 110 வோல்ட்டுக்கு ஏற்ப அமைந்த மின்பகுதியை நம் நாட்டின் 230 வோல்ட்டில் நேரே இணைப்பது அதனை எரிப்பதற்கு ஒப்பாகும். கம்பியை மாற்றத்தான் வேண்டும். இவ்விடத்தில் பழைமை பேசுவது பொருந்தாது.

ஒலிப்பகுதிக்குப் பொறுமை தேவை. ஊசியின் அதிர்வை ஏற்கும் அப்பிரகத் தகட்டைச் சுற்றியுள்ள இரப்பர் வளையம் கல்லாய் இறுகியிருக்கும். அதனால்தான் பாட்டு கரகரக்கிறது. புதிய வளையம் இட்டால் குரல் மீளும். இறுகிய மசகை நீக்கிப் புதிதாக இட வேண்டும். துத்தநாகக் கலவையில் வார்த்த உறுப்புகளைக் கழற்றும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். அவை காலப்போக்கில் உள்ளேயே விரிசலுற்று, திருகாணியைச் சற்று அழுத்தினாலும் நொறுங்கும். எஃகு ஊசியைத் தட்டின் ஒவ்வொரு பக்கத்திற்கும் மாற்றுவதே அக்கால வழக்கம். பிற்கால வினைல் தட்டினை இக்கருவியில் வைத்தால் தட்டு பாழாகும்.

மதிப்பீட்டில்தான் உண்மையான சிக்கல் எழுகிறது. 1925க்குப் பின் மின்முறை ஒலிப்பதிவும் வானொலியும் பரவ, பழைய ஒலிப்பெட்டிகள் பழைமைப்பட்டன. விளக்கோ தொடர்ந்து பயன்பட்டது. ஆகவே பொறியைக் களைந்துவிட்டு விளக்கை மட்டும் காப்பாற்றியோரும் இருந்திருப்பர். உள்ளே வெறுமையான அழகிய பேழையைவிட, கிழிந்த பட்டும் மங்கிய மெருகும் உடைய முழுமையான பேழை மதிப்பு மிக்கது என்பது நம் கருத்து. மரத்தைச் சுரண்டிப் புதுமெருகு பூசுவோர் விற்பனைக்கு அழகு சேர்ப்பதாக எண்ணுகின்றனர். சேகரிப்போர் தேடும் முதல் மெருகே அதனால் அழிகிறது. மெருகை ஒருமுறை சுரண்டினால் மீட்க இயலாது; கம்பியையும் வளையத்தையும் எத்தனை முறையும் மாற்றலாம். எதில் கை வைக்கலாம், எதில் கூடாது என்பதை இவ்வேறுபாட்டைக் கொண்டே முடிவு செய்கிறோம்.

பட்டு மறைப்பு முற்றும் நைந்திருந்தால் புதுத்துணி போர்த்தலாம். ஆனால் பழைய கம்பிச் சட்டகத்தை எறியலாகாது. வெப்பம் குறைந்த எல்இடி குமிழைப் பொருத்துவது துணிக்கு நல்லது. கழற்றிய வளையம், அறுந்த கம்பி, உதிர்ந்த குஞ்சம் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டு, எதனை எந்நாளில் மாற்றினோம் என்று தாளில் எழுதி, அவ்வுறையைப் பேழைக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். அடுத்துத் திறப்பவர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.