சிட்டையும் பேரேடும்: வரையாட்டுக் கணக்கெடுப்பின் முடிவுகளைப் பேணுதல் குறித்து

தமிழ்நாட்டில் 2024 ஏப்ரல் இறுதியில் தொடங்கிய முதல் ஒருங்கிணைந்த வரையாட்டுக் கணக்கெடுப்பு 1,031 ஆடுகள் என மதிப்பிட்டது. 2025இல் கேரளத்தோடு சேர்ந்து நடத்தியபோது தமிழகத்தின் எண் 1,303. கூடுதல் 272. ஆனால் இரண்டாம் ஆண்டில் கணக்கெடுப்புத் தொகுதிகளும் கூடியிருந்தன. இந்த 272இல் பிறந்த குட்டிகள் எத்தனை, புதிதாக ஏறிப் பார்த்த மலைகளால் வந்தவை எத்தனை? மொத்த எண் இதற்கு விடை தராது. வியாபாரிகளின் பழைய வழக்கத்தில், அன்றாடச் சிட்டையில் விழாத எதுவும் பேரேட்டில் ஏறாது. கணக்கெடுப்புத் தரவை மென்பொருளில் இட்டு நாம் பெறும் முடிவுகளோ பெரும்பாலும் சிட்டையைத் தொலைத்த பேரேடுகள்.

இக்கணக்கெடுப்பில் இரு முறைகள் கையாளப்பட்டன. ஒன்று, வரம்புற்ற எண்ணிக்கை முறை: ஒரு தொகுதியைப் பலமுறை எண்ணி, உச்ச எண்ணை இரட்டித்து, அதற்கடுத்த எண்ணைக் கழிப்பார்கள். வால்பாறைக்கு மேலுள்ள புல்மலைத் தொகுதி ஒன்றில் 23, 21, 18 என்று எண்ணியதாகக் கொள்வோம், மதிப்பீடு 25. அதே உச்சத்தோடு 23, 10, 9 என வந்தால் 36. மூடுபனி மறைத்த இரண்டு நாள்களால் ஆடுகள் பெருகிவிடுகின்றன! மதிப்பீட்டை மட்டும் சேமித்தவருக்கு 36 நல்ல செய்தி. மூன்று எண்களையும் சேமித்தவருக்கு அது எச்சரிக்கை.

மற்றொன்று, ஒரே தொகுதியை இரண்டு குழுக்கள் தனித்தனியே பார்க்கும் இரு நோக்கர் முறை; இதில் சிக்கல் இன்னும் நுட்பமானது. முதல் குழு 12 மந்தைகளையும் இரண்டாம் குழு 10 மந்தைகளையும் கண்டு, 8 மந்தைகள் பொதுவானவை என்று முடிவானால், சாப்மன் சூத்திரப்படி ஏறத்தாழ 15 மந்தைகள். பொதுவானவை 7 என்றால் 17. மந்தைக்குச் சராசரி 9 ஆடு என்றால், 134 என்பது 152 ஆகிறது. இரண்டு குழுவும் பார்த்தது ஒரே மந்தையா இல்லையா என்ற ஒற்றைத் தீர்ப்பின் விலை 18 ஆடு. அந்தத் தீர்ப்பைச் சொல்வது கணினியல்ல. நேரம், திசை, ஆண் பெண் குட்டி எண்ணிக்கை இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் வனப் பணியாளர். ஆகவே முடிவு அட்டவணையில் முதலில் நிற்க வேண்டியது திட்டப்பிழைகூட அல்ல, மந்தைகளை இணைத்த காரணம்தான் என்பது என் வாதம்.

அந்தக் காரணத்தைப் பதிந்து வைக்கும் பொறுப்பை மென்பொருள்கள் ஏற்பதில்லை. விலங்குத் தொகையை மதிப்பிட உதவும் ‘மார்க்’ நிரல் தன் முடிவுப் பட்டியலில் மாதிரிகளை, அவற்றை ஒப்பிட்டுத் தேர உதவும் ஏஐசி மதிப்புப்படி அழகாக வரிசைப்படுத்தித் தரும். ஆனால் ஒரே தரவின் மேல் ஓட்டிய மாதிரிகளுக்கிடையே மட்டுமே அந்த வரிசைக்குப் பொருள் உண்டு. ஒரு மந்தையைத் திருத்திவிட்டுப் பழைய முடிவோடு புதியதை ஒப்பிட்டால், கடலையையும் எள்ளையும் ஒரே படியால் அளந்து விலை பேசுவதாகும். எனவே ஒவ்வொரு ஓட்டத்தோடும் உள்ளீட்டுக் கோப்பின் பெயர், திருத்திய தேதி, நிரலின் பதிப்பு, கண்டறியும் வாய்ப்பு ஆகியவை ஒரே வரியில் இருக்கட்டும். ஒதுக்கிய மாதிரிகளும் அழிக்கப்படாமல், ஒதுக்கிய காரணத்தோடு கிடக்கட்டும்.

272க்குத் திரும்பினால், செய்ய வேண்டியது எளிது: இரண்டு ஆண்டிலும் எண்ணப்பட்ட தொகுதிகளை மட்டும் பிரித்து, அவற்றின் மதிப்பீடுகளை ஒப்பிடுவது. தொகுதிகளின் பெயரும் எல்லையும் இடையில் மாறியிருந்தால், அந்த மாற்றமும் சிட்டையில் இருந்தாக வேண்டும்.