கறுப்பு எதனால் ஆனது?

ஜவ்வாது மலை அடிவாரத்துல இருக்கிற படவேடு, 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகரம். அங்கே மண்மூடிக் கிடந்த பல கோயில்களை மீட்டுத் திருப்பணி செஞ்சிருக்காங்க. அதுக்கு முன்னாடி எந்தக் கல் எங்கே கிடந்தது என்பதற்கு ஃபோட்டோதான் சாட்சி. அந்தச் சாட்சியே வெளிறிப்போனா?

இது பழைய கவலை. 1855-இல் லண்டன் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி, படங்கள் ஏன் வெளிறுகின்றன என்று ஆராய ஒரு குழுவே அமைத்தது. அன்றைய படத்தில் கறுப்பாகத் தெரிவது நுண்ணிய வெள்ளி. சரியாகக் கழுவாத ஹைப்போவும் காற்றிலுள்ள கந்தகமும் அதைக் கெடுத்துவிடும். அந்தக் காலத்துலதான் லின்னேயஸ் டிரைப், மதராஸ் அரசின் ஃபோட்டோகிராஃபராக 1857-58-இல் மதுரை, தஞ்சாவூர் எல்லாம் சுத்தினார். பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒட்டினார்.

அதே 1855-இல் பிரான்ஸில் புவாதெவன் வேற வழி பிடிச்சார்: வெள்ளிக்குப் பதில் ஜெலட்டினில் கலந்த கரி. 1864-இல் ஜோசப் ஸ்வான் அதை எல்லாரும் பயன்படுத்துற மாதிரி மேம்படுத்தினார். நமக்கும் கரி புதுசு இல்லையே! ஓலையில் எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைச்சுத்தானே தடவினாங்க? ஓலையைப் பூச்சி அரிக்கும், கரி மங்காது.

இப்போ பிரிண்டருக்கு வருவோம். சாதாரண கலர் பிரிண்டர், சாம்பல் நிறத்தைப் பல வண்ணங்களைக் கலந்து உருவாக்குது. ஒவ்வொரு வண்ணமும் ஒவ்வொரு வேகத்தில் மங்கும். கொஞ்ச வருஷத்தில் கல்தூண் பச்சையாவோ சிவப்பாவோ தெரியும். கார்பன் இங்க் முறையில் எல்லா டாங்க்கிலும் கரிதான், வெவ்வேறு அடர்த்தியில். ஜான் கோன் 2000 வாக்கில் கொண்டுவந்த பீசோகிராஃபி இந்த வழிதான். பெரும்பாலும் எப்சனைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அதன் ஹெட் மையைச் சூடாக்காது. பீசோ படிகம் அதிர்ந்து தள்ளும்.

சிரமங்களும் உண்டு. கரி அடியில் தங்கும், ஹெட் அடைக்கும். வாரம் ஒருமுறையாவது பிரிண்ட் எடுக்கணும். தூய கரியின் நிறம் லேசான பழுப்பு. அந்த பிரிண்டரில் திரும்பக் கலர் எடுக்கிறதும் கஷ்டம், அதனால இதுக்குன்னு தனி பிரிண்டர் வேணும். வெண்மையூட்டி சேர்க்காத பருத்திக் காகிதம் வாங்குங்க.

கடையில் டிபிஐ எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முன்னாடி, கறுப்பு எதனால் ஆனதுன்னு கேளுங்க.